கிளப் அறை திருப்பணி முடிந்தது, ரஞ்சி சுவரும் தயார்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

திருவல்லிக்கேணியில் இருக்கும் நம் கிரிக்கெட் கிளப் அறையின் திருப்பணி நல்லபடியாக முடிந்துவிட்டது. மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த மெட்ராஸ் டெரஸ் கூரையில் பழைய தட்டோட்டைப் பெயர்த்துப் புதுசாகப் பதித்தாயிற்று, வயரிங் மாற்றியாயிற்று, கரையான் அரித்த மர பீரோ போய்க் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அலமாரி வந்திருக்கிறது. லீக் கோப்பைகள் கறுத்துக் கிடந்தன. வெள்ளி முலாம் என்பதால் புளி வேண்டாம் என்று சொல்லித் திருநீறு தொட்டுப் பழைய வேட்டித் துணியால் மெதுவாகத் துடைத்தோம், அடியில் பொறித்த ஆண்டுகளை இப்போது படிக்க முடிகிறது.

அப்புறம் அந்தக் கிழக்குச் சுவர். உள்நாட்டு அணிகள் மோதும், நம் கிளப் ஆடாத ரஞ்சிக் கோப்பைக்கு நம் அறையில் ஒரு சுவர் முழுக்க எதற்கு என்று பொதுக்குழுவில் சிலர் கேட்டீர்கள். அந்தக் கோப்பையின் முதல் பந்து வீசப்பட்டதே இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், சேப்பாக்கத்தில்! 1934 நவம்பர் 4, மெட்ராஸுக்கும் மைசூருக்கும் ஆட்டம், முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். மைசூர் 48 ரன், மெட்ராஸ் 130, மறுபடி மைசூர் 59. மைசூரின் இரண்டு இன்னிங்ஸும் சேர்ந்தும் மெட்ராஸின் ஒன்றை எட்டவில்லை, அன்றைக்கே ஆட்டம் முடிந்து மெட்ராஸுக்கு இன்னிங்ஸ் வெற்றி. ஏ.ஜி. ராம்சிங் ஒருவரே 11 விக்கெட். பாட்டியாலா மகாராஜா கொடுத்த கோப்பை, பழைய கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜியின் பெயர், ஆனால் ஆட்டம் தொடங்கியது நம் பேட்டையில். வலைப்பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது, அதற்காகத்தான் சுவர்.

கோபாலனுக்குத் தனிப் பலகை வைத்திருக்கிறோம். ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர் அவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குப் போகாமல் கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து போனார், அங்கே ஒரு டெஸ்டில்கூட அவரை இறக்கவில்லை, பெர்லினில் நம் ஹாக்கி அணியோ தங்கம் வாங்கியது. படிக்கும்போதே மனசு கனத்துப்போகிறது.

நம் மாநில அணி கோப்பையை வென்ற 2 ஆண்டுகளும் பெரிய எழுத்தில் இருக்கின்றன: 1954–55இல் இந்தூரில் ஹோல்கர் அணியை வீழ்த்தியது, 1987–88இல் எஸ். வாசுதேவன் தலைமையில் சேப்பாக்கத்திலேயே ரயில்வே அணியை வென்றது. அதற்குக் கீழே மூன்றாவது ஆண்டுக்கு இடம் விட்டிருக்கிறோம், வேண்டுமென்றேதான்.

வரவு செலவுக் கணக்கு முழுசாக நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது, பில்கள் பொருளாளரிடம் ஃபைலில் உள்ளன, யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம். மிச்சப் பணத்தில் பயிற்சிக்குப் புது மேட் வாங்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. கூலிக்குப் பேசிய நேரத்துக்கு மேலும் நின்று தளத்தை முடித்துக் கொடுத்த மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும், கேட்டதும் நன்கொடை தந்த உங்களுக்கும் மனமார்ந்த நன்றி.

வீட்டில் பழைய ஸ்கோர் புத்தகமோ சேப்பாக்கம் டிக்கெட்டோ குழு போட்டோவோ இருந்தால் கொண்டுவாருங்கள், நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறோம், அலமாரியின் கீழ்த்தட்டு இன்னும் காலிதான். அறை சாயங்காலம் பயிற்சி நேரத்தில் திறந்திருக்கும்.

— செயற்குழு