கணக்காளர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பத்து மாதக் கூட்டங்கள் நடந்தன. இரண்டு மழையால் நின்றுபோயின. ஜிஎஸ்டி, வருமான வரி வகுப்புகளின் குறிப்புகள் கோப்பில் உள்ளன. நான் விரிவாகச் சொல்ல விரும்புவது கென்னத் கார்க் பற்றிப் பேசிய இரண்டு மாலைகளை.

கார்க் 1913-ல் பிறந்த ஆங்கிலேயக் கணக்காளர். அப்பாவுக்கும் அதே தொழில்தான். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர், நொடித்துப்போன கம்பெனிகளின் கணக்கை முடித்துக் கொடுப்பதில் பேர் வாங்கினார். 1964-ல் வாஷிங் மெஷின் விற்ற ரோல்ஸ் ரேசர் கம்பெனி விழுந்தபோது அதன் சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கும் கலைப்பாளராக வந்தவர் இவரே. 1978-ல் லண்டன் சிட்டியின் லார்ட் மேயர் ஆனார். "லண்டன் முழுக்கவா சார்?" என்று ஒரு தம்பி கேட்டார். இல்லை. லண்டன் முழுமைக்குமான மேயர் பதவி 2000-ல்தான் வந்தது. இது வங்கிகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சதுர மைல் பழைய நகரத்துக்கான பதவி, ஓராண்டுக்கு மட்டும். ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவுக்கும் 1975 முதல் பத்தாண்டு தலைவராக இருந்தார்.

ஆனால் லார்ட் மேயராகப் போன குதிரை வண்டி ஊர்வலத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது திவால் சட்டத்தைச் சீரமைக்க 1977-ல் அமைந்த குழு. அதற்குத் தலைமை ஏற்றவர் கார்க். 1982-ல் அறிக்கை வந்தது. பிழைக்கக்கூடிய தொழிலைப் பிழைக்க வைக்கப் பாருங்கள், அதற்கு ஒரு நிர்வாகியைப் போடுங்கள் என்றது. மீள வழியில்லை என்று தெரிந்தும் மேலும் கடன் வாங்கும் இயக்குநர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். கலைப்பு வேலையைத் தகுதி பெற்றவர்கள் மட்டுமே செய்ய வேண்டும் என்றது. இவை 1985, 1986 சட்டங்களில் ஏறின. சரக்கு, வரவேண்டிய பாக்கி என எல்லாவற்றின் மேலும் அடமானம் வைத்திருக்கும் வங்கி மொத்தத்தையும் அள்ளாமல், பத்தில் ஒரு பங்கை அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்களுக்கு ஒதுக்கச் சொன்ன யோசனை மட்டும் அப்போது ஏறவில்லை. 2002 சட்டத்தில்தான் அது வேறு வடிவில் வந்தது.

இதைக் கேட்டதும் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். இளமையில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதியவர். அச்சகம் மூடிய நாளின் வருகைப் பதிவேட்டை இன்னும் வைத்திருக்கிறார். பைண்டிங் பிரிந்த அந்த நோட்டில், கடைசிப் பக்கத்தில் பதினோரு கையெழுத்து. ஒன்று பெருவிரல் ரேகை. மிஷின்களைக் கடன் கொடுத்தவர்கள் எடுத்துப்போனார்கள். அந்த மாதச் சம்பளம் யாருக்கும் வரவில்லை. "பேரேட்டில் இன்னும் பாக்கியாத்தான் நிக்குது" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அப்புறம் நம் நாட்டின் 2016 திவால் சட்டத்தைப் பிரித்தோம். கம்பெனியைக் கலைத்தால், தொழிலாளரின் கடைசி 24 மாதப் பாக்கி சொத்தை ஈடாகப் பெற்றுக் கொடுத்த கடனுக்குச் சமமான வரிசையில் நிற்கிறது. அரசின் வரி பின்னால்தான். தனி முதலாளி நடத்தும் அச்சகத்துக்கு இந்த வரிசை பொருந்தாது. அந்தப் பதினோரு பேரைப் போன்றவர்கள்தான் நம் ஊரில் அதிகம். எனவே சிறு பட்டறைத் தொழிலாளர்களுக்குச் சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, பி.எப். பற்றிய இலவச முகாம் ஒன்றைச் சித்திரையில் நடத்தச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பேச ஒப்புக்கொண்ட உறுப்பினர்கள் பெயரைக் கொடுத்துவிடவும்.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கை இத்துடன் இணைத்து, பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்