விபத்துக்குள்ளான காரின் கருவியில் உள்ள வேகப் பதிவையும் விசாரணையில் சேர்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விபத்து வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' ஓட்டிவந்து மோதியதாக ஒரு வாசகம் தவறாமல் இடம்பெறுகிறது. அந்த வேகம் எவ்வளவு, ஓட்டுநர் பிரேக்கை மிதித்தாரா, மிதித்திருந்தால் மோதுவதற்கு எத்தனை நொடி முன்பு என்ற கேள்விகளுக்கு வழக்கு ஆவணங்களில் பெரும்பாலும் விடை இருப்பதில்லை. விபத்து நடந்த இடத்தைப் பார்த்துக் காவல்துறை எழுதும் பார்வை மகஜர், மாதிரி வரைபடம், நேரில் கண்டவர்களின் வாக்குமூலம், இயந்திரக் கோளாறால் விபத்து நேரவில்லை என்று மோட்டார் வாகன ஆய்வாளர் தரும் அறிக்கை ஆகியவற்றை வைத்தே நீதிமன்றமும் இழப்பீட்டுத் தீர்ப்பாயமும் முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. 2022-இல் நாட்டிலேயே மிக அதிகமாக 64,105 சாலை விபத்துகள் பதிவான தமிழ்நாட்டுக்கு இது போதாது.

அந்தக் கேள்விகளுக்கான விடை காரிலேயே இருக்கக்கூடும். ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, பல கார்களில் வேகம், பிரேக், ஆக்சிலரேட்டர், சீட் பெல்ட் ஆகியவற்றின் நிலையை நொடிக்கு நொடி எழுதி அழித்துக்கொண்டே வருகிறது. பலமான மோதல் நேர்ந்ததும் அதற்கு முந்தைய சில நொடிகளின் பதிவை அழியாமல் நிறுத்திவைக்கிறது. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்த விபத்தில், மோதலுக்கு 5 நொடி முன்பு பிரேக் போடப்பட்டது, அதற்கு முன் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சென்ற கார் 89 கி.மீ. வேகத்தில் மோதியது என்று தயாரிப்பு நிறுவனம் காவல்துறைக்குத் தெரிவித்தது இத்தகைய பதிவைப் படித்துத்தான். பெரும் தொழிலதிபர் இறந்த வழக்கில் கிடைத்த அந்தத் துல்லியம், நான்குவழிச் சாலையில் அடிபட்டு இறக்கும் கட்டடத் தொழிலாளியின் குடும்பத்துக்கும் கிடைக்க வேண்டும். அதோடு, தன் தயாரிப்பின் மீதே கேள்வி எழக்கூடிய நிறுவனம் தானே படித்துத் தானே அறிக்கை தருவதை விட, தடய அறிவியல் ஆய்வகம் நேரடியாகப் படிப்பதே முறையாகும்.

இன்றைய நடைமுறையில் இந்தச் சான்று நம் கண்முன்னே அழிகிறது. ஆய்வு முடிந்து உரிமையாளரிடம் ஒப்படைக்கப்படும் கார் பணிமனைக்குப் போகிறது. ஏர்பேக் விரிந்திருந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மாற்ற வேண்டும் என்பதால் பழைய பெட்டி குப்பைக்குப் போய்விடுகிறது. ஏர்பேக் விரியாத மோதலின் பதிவோ, வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியபின் வேறொரு மோதலால் மேலெழுதப்படலாம்.

இந்தப் பதிவை மட்டுமே நம்பித் தீர்ப்பு எழுதிவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வேகம் பொதுவாகச் சக்கரச் சுழற்சியிலிருந்து கணக்கிடப்படுவதால், சக்கரம் வழுக்கினால் எண் பிசகும். டயர்த் தடத்தோடும் சேதத்தோடும் ஒப்பிட்டே படிக்க வேண்டும். பாதசாரி மீதோ சைக்கிள் மீதோ மோதும்போது காரின் வேகம் திடீரெனக் குறைவதில்லை என்பதால், கருவி அதை விபத்தாகவே உணராமல் போகலாம். நம் சாலைகளில் உயிரிழப்போரில் பெரும்பகுதியினர் இருசக்கர வாகனங்களில் செல்வோரும் நடந்து செல்வோரும் என்பதால், பதிவு இல்லை என்பதையே ஓட்டுநருக்குச் சாதகமான சான்றாக எவரும் காட்ட இடம் தரக்கூடாது.

பதிவு யாருக்குச் சொந்தம் என்பதையும் சட்டம் தெளிவாக வரையறுக்க வேண்டும். அமெரிக்காவில் 2015-இல் இயற்றப்பட்ட சட்டம், அது வாகன உரிமையாளருக்கோ குத்தகைதாரருக்கோ உரியது என்கிறது. அவரது ஒப்புதல், நீதிமன்ற ஆணை போன்ற சில காரணங்கள் இன்றி மற்றவர்கள் அதை எடுக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கார்கள் அனைத்திலும் இத்தகைய பதிவுக் கருவி கட்டாயம்.

ஆனால் சான்றுப் பொருளைக் கைப்பற்றும் அதிகாரம் நம் காவல்துறைக்கு இப்போதே இருக்கிறது. உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த வழக்குகளில், பதிவை நகலெடுக்காமல் காரை விடுவிக்கக் கூடாது என்று உள்துறையும் போக்குவரத்துத் துறையும் சேர்ந்து சுற்றறிக்கை வெளியிட வேண்டும். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்யப்படும் விரிவான விபத்து அறிக்கையோடு அந்த நகலை இணைத்து, மின்னணுச் சான்றுக்குரிய சான்றிதழுடன் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் ஒரு படி தர வேண்டும்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர்,
திருச்சி