காலையில் நொண்டும் பிள்ளை

கோத்தகிரி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். உறைபனி தொடங்கிவிட்டது. முதல் பீரியட் முழுக்கப் பிள்ளைகள் கையைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். கை கால் விறைத்தால் குளிர்தான் காரணம் என்று நாம் எல்லோரும் விட்டுவிடுகிறோம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மூட்டுவாதம் பாட்டிமார் நோய் என்றே நானும் நினைத்திருந்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி காலையில் படியேறச் சுணங்குவாள். மதியம் மற்றவர்களோடு ஓடுவாள். பிரேயருக்கு வராமலிருக்க நடிக்கிறாள் என்று திட்டினேன். கோயம்புத்தூரில் காட்டிய பிறகுதான் சிறார் மூட்டுவாதம் என்று தெரிந்தது. திட்டியது இன்னும் உறுத்துகிறது.

16 வயதுக்குள்ளேயே இது வரலாம். எழுந்ததும் மூட்டு விறைத்திருக்கும், நடமாட நடமாட இளகும். முழங்காலோ கணுக்காலோ மணிக்கட்டோ வீங்கியிருக்கும். ஆனால் வலிக்கிறது என்று பல பிள்ளைகள் சொல்வதே இல்லை. இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். நன்றாக நடந்த குழந்தை காலையில் தூக்கச் சொல்லும், சட்டைப் பட்டனைப் போட்டுவிடச் சொல்லும். ராத்திரி இரண்டு காலும் குடைந்து, விடிந்ததும் துள்ளி ஓடினால் அது பெரும்பாலும் வளரும் வயதின் வலி.

குளிர் விறைப்பைக் கூட்டும், மூட்டை வீங்க வைக்காது. நீலகிரித் தைலம் தேய்க்கலாம், சரி. அதை நம்பி வாரக்கணக்கில் நாள் கடத்தாதீர்கள். இந்த நோயில் கண்ணின் உள்ளேயும் அழற்சி வரலாம். சிவக்காது, வலிக்காது, பார்வையை மட்டும் கெடுக்கும். அதனால் நோய் உறுதியானால் கண் மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

காய்ச்சலோடு ஒரு மூட்டு சுட்டு, காலை ஊன்றவே முடியாவிட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தொண்டை வலி வந்து போன இரண்டு மூன்று வாரத்தில் வலி மூட்டுக்கு மூட்டு தாவினாலும் தாமதிக்காதீர்கள். ருமாட்டிக் காய்ச்சலாக இருந்தால் இதயத்தைப் பாதிக்கும்.

அம்மாமார்களுக்கும் ஒன்று. கொழுந்து பறித்த களைப்பு ராத்திரி தூங்கினால் குறைய வேண்டும். காலையில் இரண்டு கை விரல் மூட்டுகளும் அரை மணி நேரத்துக்கு மேல் மடங்காமல், பல வாரமாக அப்படியே இருந்தால் நீங்களும் காட்டுங்கள்.

பிள்ளை பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் விறைப்பு பாதி விட்டுப்போய்விடும், எங்கள் கண்ணில் படாது. விடிகாலையில் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையை அனுப்பி வைக்கும் பாட்டியிடம் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அந்தப் பிள்ளை பிரேயரில் உட்காரலாம், தாமதமாகவும் வரலாம். யாரும் திட்ட மாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்