காலண்டரில் தெரியாத வேலை: கூட்டம் கூட்டுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர்களுக்கும் டீம் லீடுகளுக்கும், வணக்கம்.

இன்னொருவருடைய நாளுக்குள் ஒரு மீட்டிங்கை வைக்கும் உரிமை யாருக்கெல்லாம் இருக்கிறதோ, அவர்கள் எல்லோருக்கும் இந்த மடல். அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கும் காலண்டர் எனக்குப் பிடித்த கருவி. அது வருவதற்கு முன் ஐந்து பேரை ஒரே நேரத்தில் உட்கார வைக்க ஒரு நாள் முழுக்க மெயில் போய் வரும். கடைசி ஆள் “அந்த நேரம் எனக்கு முடியாது” என்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தத் தொல்லை போனது பெரிய விஷயம். ஆனால் அதில் தெரியும் வெற்றுக் கட்டங்களை நீங்கள் படிக்கும் விதம் சரியில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் காலண்டரைத் திறந்தால் நிறம் அடித்த கட்டங்கள் சில தெரியும், இடையிடையே வெள்ளை தெரியும். செவ்வாய்க்கிழமை காலை பத்து முதல் ஒன்று வரை எதுவும் இல்லை. ஆள் ஃப்ரீயாகத்தான் இருக்கிறார், பதினொன்றுக்கு ஒரு அரை மணி நேரம் போட்டுவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அந்த மூன்று மணி நேரத்தில்தான் நீங்கள் வெள்ளிக்கிழமை கேட்கப்போகும் அறிக்கையை நான் எழுத வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். இன்னொருவர் ஒரு பிழை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இவை எதற்கும் யாரும் யாருக்கும் இன்வைட் அனுப்புவதில்லை. அதனால் காலண்டருக்கு இவை தெரியாது.

மென்பொருளே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. வெவ்வேறு நிறுவனங்களின் காலண்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஐகாலண்டர் என்று ஒரு பொதுத் தரம் உண்டு. 1998-இல் வெளிவந்தது, 2009-இல் ஆர்எஃப்சி என்ற இணையத் தர ஆவண வரிசையில் 5545 என்ற எண்ணில் திருத்தி எழுதப்பட்டது. அதன்படி ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு குறி இருக்கும்: இது நேரத்தை அடைக்கிறதா இல்லையா என்று. நீங்கள் என் நேரத்தைத் தேடும்போது, அடைக்கும் நிகழ்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி அத்தனையும் காலி என்று மென்பொருள் சொல்லும். பதியாத வேலை அதன் கணக்கில் வேலையே இல்லை.

இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாள் முழுக்க கூட்டங்களில் இருப்பவர்தான் அலுவலகத்திலேயே பிஸியான ஆளாகத் தெரிவார். உட்கார்ந்து எழுதுபவர், வரைபவர், சோதித்துப் பார்ப்பவர் எல்லாம் சும்மா இருப்பவர்களாகத் தெரிவார்கள். புதிதாகச் சேர்ந்தவரின் காலண்டர் ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும். ஆனால் வேலையைக் கற்றுக்கொள்ள யாரும் குறுக்கிடாத நேரம் அவருக்குத்தான் அதிகம் தேவை. எட்டு பேருக்கும் பொதுவான நேரத்தைத் தேடச் சொன்னால் மென்பொருள் எட்டு பேரின் வெள்ளையையும் ஒரே மாதிரி எடைபோடும். நடைமுறையில் யாருடைய நாள் மிகவும் நிரம்பியிருக்கிறதோ, அவருடைய ஒரே இடைவெளிதான் எல்லோருக்கும் முடிவாகிறது. அந்த ஆள் பெரும்பாலும் நீங்கள்தான். உங்கள் பதினொன்று மணி, மற்ற ஏழு பேரின் காலைப் பொழுதைப் பாதியில் வெட்டுகிறது.

அரை மணி நேரம்தானே என்று நீங்கள் கேட்கலாம். வெட்டு விழும் இடம்தான் சிக்கல். தறியில் பாதி நெய்த துணியை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினால், விட்ட இழையிலிருந்து உடனே நெய்துவிட முடியாது. ஒவ்வொரு இழையையும் மறுபடி சேர்க்க வேண்டும். மனமும் அப்படித்தான். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். முதல் வேலையை முடிக்காமல் விட்டு வந்தால் அந்த ஒட்டல் இன்னும் கூடும். பதினொன்றுக்கு மீட்டிங் என்றால் பத்தரைக்கே பெரிய வேலை எதையும் தொடங்க மனம் வராது. முடிந்து வந்தபின் எங்கே விட்டோம் என்று தேடும் நேரம் தனி. இன்வைட்டில் எழுதியிருப்பது 30 நிமிடம். போனது ஒரு காலை.

கூட்டத்துக்குப் பின் கூட்டம் என்று இடைவெளியே இல்லாமல் வைப்பதும் அப்படித்தான் ஆளைத் தின்கிறது. மைக்ரோசாஃப்ட் 2021-இல் ஒரு சிறிய சோதனையின் முடிவை வெளியிட்டது. 14 பேரின் தலையில் மூளை மின்னலைகளை அளக்கும் கருவியைப் பொருத்தி, அரை மணி நேரக் கூட்டங்கள் நான்கை ஒரு நாள் தொடர்ச்சியாகவும், இன்னொரு நாள் நடுவே 10 நிமிட ஓய்வு விட்டும் நடத்தினார்கள். ஓய்வில்லாதபோது மன அழுத்தத்தைக் காட்டும் அலைகள் கூட்டத்துக்குக் கூட்டம் ஏறிக்கொண்டே போயின. ஓய்வு கொடுத்தபோது ஏறவில்லை. 14 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், இதை வைத்துப் பெரிய முடிவு எதுவும் கட்ட வேண்டாம். ஆனால் நாலு கூட்டம் வரிசையாக முடித்து எழுந்த யாரையும் கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்வார். கூகுள் காலண்டரில் அரை மணி நேரத்தை 25 நிமிடமாகவும் ஒரு மணி நேரத்தை 50 நிமிடமாகவும் தானாகச் சுருக்கும் அமைப்பு இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கிலும் அதுபோல் ஒன்று உண்டு. அதைப் போட்டுவைத்தால் மட்டும் போதாது. 25-ஆவது நிமிடத்தில் நீங்கள் எழுந்துகொள்ள வேண்டும். நீங்கள் எழாமல் நாங்கள் யாரும் எழ மாட்டோம்.

அடுத்தது, அழைப்புக்குப் பதில் சொல்லும் விஷயம். மேலே சொன்ன அதே ஐகாலண்டர் தரத்தில், அழைக்கப்பட்டவரின் தொடக்க நிலை ‘இன்னும் பதில் சொல்லவில்லை’ என்பதுதான். அதை வடிவமைத்தவர்கள் அழைப்பை ஒரு கேள்வியாகத்தான் நினைத்தார்கள் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஏற்கலாம், மறுக்கலாம், உறுதியில்லை என்று சொல்லலாம், வேறொருவரை அனுப்பலாம். ஆனால் பெரும்பாலான அலுவலகங்களில் நான் பதில் சொல்வதற்கு முன்பே அது என் நாளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அனுப்பியது மேலாளர் என்றால் ‘டிக்ளைன்’ என்ற பட்டன் பெயருக்குத்தான் இருக்கிறது. சம்பளமும் பதவி உயர்வும் யார் கையில் இருக்கிறதோ அவர் அனுப்பிய அழைப்பை மறுக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

இதை உங்களால் மட்டும்தான் மாற்ற முடியும். “இந்தக் கூட்டத்தில் உங்களுக்கு வேலையில்லை என்று தோன்றினால் மறுத்துவிடுங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்” என்று குழுவின் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் முதல் ஆள் மறுக்கும்போது முகம் மாறாமல் இருங்கள். அந்த முதல் மறுப்பை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதைக் குழு முழுக்கக் கவனிக்கும். வேறு நேரம் முன்மொழியும் வசதி அவுட்லுக்கிலும் இருக்கிறது, கூகுளிலும் இருக்கிறது. யாராவது அதைப் பயன்படுத்தினால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். உங்கள் நேரத்தை மதிப்பதால்தான் அவர் மாற்று நேரம் தேடி எழுதியிருக்கிறார்.

எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். ‘டிஸ்கஷன்’ என்று மட்டும் தலைப்பு வைத்து, உள்ளே வெறுமையாக வரும் அழைப்பை ஏற்பதா மறுப்பதா என்று எதை வைத்து முடிவு செய்வது? என்ன முடிவெடுக்க வேண்டும், யார் எதைப் படித்துவிட்டு வர வேண்டும் என்று இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியை எழுத உட்காரும்போதே, இதற்கு ஒரு மெயில் போதுமே என்று பல நேரம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இப்போது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதிக்கு வருகிறேன். வேலைக்கு நேரம் வேண்டும் என்பதால் எங்களில் பலர் காலண்டரிலேயே இடத்தை அடைத்து வைக்கத் தொடங்கினோம். கூகுள் 2021-இல் இதற்கென்றே ‘ஃபோகஸ் டைம்’ என்ற தனி வகையைக் கொண்டுவந்தது. அந்த நேரத்தில் வரும் அழைப்புகளைத் தானாக மறுக்கவும் அதில் வழி உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் “அது வெறும் ப்ளாக்தானே, அதற்கு மேலேயே போட்டுவிடு” என்று மேலாளர்கள் சொல்லும்போது என்ன நடக்கிறது தெரியுமா? அடுத்த வாரம் அந்த ஆள் ‘க்ளையன்ட் கால்’ என்று பொய்ப் பெயர் வைக்கிறார். இல்லாத கூட்டத்துக்கு இருக்கும் மரியாதை, இருக்கும் வேலைக்குக் கிடைப்பதில்லை என்று அவர் கற்றுக்கொண்டுவிட்டார். இப்படி நாலு பேர் செய்தால் காலண்டரில் எது நிஜம் எது மறைப்பு என்று யாருக்கும் தெரியாமல் போகும். அப்புறம் நேரம் கேட்க மறுபடி ஒவ்வொருவராகப் போய்த்தான் கேட்க வேண்டும். எந்தத் தொல்லையைத் தீர்க்க இந்த மென்பொருள் வந்ததோ, அது திரும்ப வந்துவிடும். ஒருவர் தன் வேலைக்காக அடைத்துவைத்த நேரத்தை வெளியாளோடு வைத்த கூட்டத்துக்கு நிகராக நடத்துங்கள். உண்மையாகவே அவசரம் என்றால் முதலில் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வோம்.

‘பிரைவேட்’ என்று குறித்திருப்பதைப் பற்றி விசாரிக்காதீர்கள். அது மருத்துவரைப் பார்க்கப் போவதாக இருக்கலாம், குடும்பப் பிரச்சினையாக இருக்கலாம். அதேபோல் யார் காலண்டரில் எவ்வளவு வெள்ளை என்று எண்ணி அதை வைத்து உழைப்பை அளக்கும் பழக்கமும் வேண்டாம். அப்படி அளக்கப்படுகிறோம் என்று தெரிந்த நாளே ஆட்கள் காலண்டரை நிரப்பக் கற்றுக்கொள்வார்கள்.

வெவ்வேறு நாடுகளில் இருப்பவர்களோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தொடர் கூட்டம் பொதுவாக அதை உருவாக்கியவரின் ஊர்க் கடிகாரத்தைத்தான் பின்பற்றும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளுகிறார்கள், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. நடுவில் இரண்டு அல்லது மூன்று வாரம் இரு பக்கத்துக்கும் வழக்கமான இடைவெளி மாறிக் கிடக்கும். கடிகாரத்தையே மாற்றாத நாட்டில் இருப்பவருக்கோ ஆண்டுக்கு இரண்டு முறை அதே கூட்டம் ஒரு மணி நேரம் நகர்ந்துபோகும். பல இடங்களில் அது இரவு உணவு நேரத்துக்குள், குழந்தையைத் தூங்க வைக்கும் நேரத்துக்குள் நுழைகிறது. அவரவர் வேலை நேரத்தைக் குறித்துவைக்கவும், அதற்கு வெளியே அழைத்தால் எச்சரிக்கவும் மென்பொருளில் வழி இருக்கிறது. அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். தவிர்க்கவே முடியாது என்றால் அகாலத்தில் எழும் முறை ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் மாறி மாறி வரும்படி வையுங்கள். எப்போதும் ஒரே நாட்டுக்காரர்தான் விழித்திருக்க வேண்டுமா?

கடைசியாகத் தொடர் கூட்டங்கள். திரும்பத் திரும்ப வரும் நிகழ்வுக்கு முடிவுத் தேதி வைக்கலாம், அல்லது இத்தனை தடவை என்று எண்ணிக்கை வைக்கலாம். இரண்டும் இல்லை என்றால் ஐகாலண்டர் தரத்தின்படி அது முடிவே இல்லாமல் ஓடும். முடிவுத் தேதி கேட்காமலேயே எத்தனையோ கூட்டங்கள் உருவாகின்றன. திட்டம் முடிந்துவிடும், கூட்டியவர் வேறு துறைக்குப் போய்விடுவார், கூட்டம் மட்டும் திங்கள்தோறும் வந்து நிற்கும். எட்டு பேர், வாரம் ஒரு மணி நேரம், ஆண்டுக்கு 50 வாரம் என்றால் 400 மணி நேரம். ஒரு ஆளின் 50 வேலை நாட்கள். புதிதாக 50 நாள் வேலைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டால் எத்தனை கையெழுத்து தேவைப்படும் என்று உங்களுக்குத் தெரியும். இந்த 50 நாளை ஒரே ஒரு க்ளிக்கில் எடுத்துக்கொள்ள முடிகிறது.

இணையக் கடை நடத்த மென்பொருள் தரும் ஷாப்பிஃபை நிறுவனம் 2023 ஜனவரியில் இரண்டு பேருக்கு மேல் இருந்த தொடர் கூட்டங்களை ஒட்டுமொத்தமாக நீக்கியது, புதன்கிழமைகளில் கூட்டம் கூடாது என்றும் சொன்னது. துணிச்சலான முடிவுதான், ஆனால் நான் அதைக் கேட்கவில்லை. ஒரே நாளில் துடைத்தெடுத்தால், கூட்டும் பழக்கம் மாறாத இடத்தில் அவை கொஞ்ச நாளில் மறுபடி முளைக்கும் என்று நினைக்கிறேன். தேவையான கூட்டமும் அதோடு சேர்ந்து போய்விடும். நான் கேட்பது இதைவிட எளிது. எந்தத் தொடர் கூட்டத்துக்கும் மூன்று மாதத்துக்கு மேல் ஆயுள் வேண்டாம். மூன்று மாதம் முடிந்ததும், வேண்டும் என்றால் அதைக் கூட்டியவர் காரணம் எழுதிப் புதுப்பிக்கட்டும். மனிதவளத் துறையினர் இதை அலுவலக விதியாகவே வைக்கலாம். வேலையை விட்டுப் போகிறவரிடம் மடிக்கணினியையும் அடையாள அட்டையையும் வாங்கும் அதே பட்டியலில், அவர் பெயரில் ஓடும் தொடர் கூட்டங்களை யாரிடம் ஒப்படைக்கிறார், எவற்றை முடிக்கிறார் என்பதையும் சேர்க்கலாம்.

விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே உங்கள் பெயரில் ஓடும் தொடர் கூட்டங்களைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவுத் தேதி போடுங்கள். அதில் இருப்பவர்களிடம், இந்தக் கூட்டம் நின்றால் உங்கள் வேலையில் எது நிற்கும் என்று கேளுங்கள். யார் என்ன சொன்னார் என்று தெரியாதபடி எழுதித் தரச் சொன்னால் உண்மையான பதில் வரும்.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் வேலை செய்யும் ஒருவர்