தண்ணீரைத் தொடாமல் உப்பை அளப்பது

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று படித்த பிறகுதான் எங்களுக்கு நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். மாடியில் ஓர் அறை எடுத்துக் கட்டுகிறோம், வீடெங்கும் சிமெண்டுத் தூசி.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பறந்துகொண்டே லேசர் அடித்துக் கடலின் வெப்பத்தை அளக்கலாம் என்றால்கூட நம்பலாம், உப்பை எப்படி அளப்பார்கள் என்று கேட்டிருந்தாய். அளக்க முடியும். அதுவும் நீ சர்வே படகில் தினமும் புழங்கிய விஷயத்தை வைத்துத்தான்: நீருக்குள் ஒலி போகும் வேகம். ஒலியை அனுப்பி எதிரொலியால் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரில் ஆழம் சரியாக வர, நீ சிடிடி என்ற அளவுக் கருவியை நீரில் இறக்கி வெப்பமும் உப்பும் எடுத்து, ஒலி வேகத்தைக் கணக்கிடுவாய். லேசர்க்காரர்கள் அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். ஒலி வேகத்தை ஒளியால் அளந்துவிட்டு, அதிலிருந்து வெப்பத்துக்கும் உப்புக்கும் வருகிறார்கள்.

யாரும் சத்தம் போடாத நீரிலும் ஒலி அலைகள் உண்டு. மூலக்கூறுகளின் வெப்ப ஆட்டமே அவற்றை எழுப்பிக்கொண்டிருக்கிறது. 532 நானோமீட்டர் பச்சை லேசர் உள்ளே போனால், அந்த நுண்ணிய அலைகளில் பட்டுக் கொஞ்சம் ஒளி திரும்புகிறது. அலை நகர்வதால் திரும்பும் ஒளியின் நிறம் துளி மாறுகிறது; ரயில் நெருங்கும்போதும் விலகும்போதும் அதன் ஊதல் சுருதி மாறுமே, அப்படி. பிரான்சின் லியோன் பிரில்லூவன் 1922-இல் கணித்துச் சொன்னது இது. கடல்நீரில் அந்த நிற விலகல், லேசரின் அதிர்வெண்ணுக்கு இரு பக்கமும் ஏறத்தாழ 7.5 கிகாஹெர்ட்ஸ். ஒலி வேகம் கூடினால் விலகலும் கூடும். லேசரைச் சிறு துடிப்புகளாக விடுவதால், ஒளி திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து எந்த ஆழத்திலிருந்து வந்தது என்றும் சொல்லிவிடலாம்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் நம் கடல் போன்ற வெதுவெதுப்பான நீரில் ஒரு டிகிரி மாறினால் விலகல் மாறுவது சுமார் 10 மெகாஹெர்ட்ஸ்தான். லேசரின் அதிர்வெண்ணில் அது ஐந்து கோடியில் ஒரு பங்கு. அதிர்ந்துகொண்டே பறக்கும் ஹெலிகாப்டரில் வைத்து இதைப் பிடிக்க வேண்டும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஃப்ரை இதில் நெடுங்காலம் உழைத்தார். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் தாமஸ் வால்தரின் குழு, ருபிடியம் ஆவியைக் காந்தப்புலத்தில் வைத்து ஒரு வடிகட்டி செய்திருக்கிறது. நிறம் துளி நகர்ந்தாலும் அதன் வழியே வரும் ஒளியின் அளவு சட்டென்று மாறும். கண்ணாடிகளை நுணுக்கமாக நேர்ப்படுத்தும் தொல்லை இல்லாததால் குலுங்கும் இடத்துக்கு அது ஏற்றது. எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான்.

அப்புறம் உன் உண்மையான கேள்வி. விலகல் என்பது ஒற்றை எண். வெப்பம், உப்பு என்று இரண்டு தெரியாதவை. பெரும்பாலான பெருங்கடல்களில் உப்பின் அளவைப் பழைய பதிவுகளிலிருந்து எடுத்துக்கொண்டு வெப்பத்தை மட்டும் கண்டுபிடித்துவிடலாம். உப்பில் ஆயிரத்துக்கு ஒரு பங்கு தவறினால் வெப்பத்தில் அரை டிகிரி போல ஆட்டம் வரும், அவ்வளவுதான். வங்காள விரிகுடாவில் இந்தக் குறுக்கு வழி செல்லாது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொட்டும் நன்னீரால் பருவமழைக்குப் பின் வடக்கே உப்பு ஆயிரத்துக்கு 30 பங்குக்கும் கீழே போகும், தெற்கே 34-ஐ ஒட்டி நிற்கும். நாலு பங்கு தவறாக ஊகித்தால் இரண்டு டிகிரிக்கு மேல் பிழை. அதனால் இரண்டாவது ஓர் அளவு வேண்டும். திரும்பி வரும் ஒளிக்கோட்டின் அகலம், அதாவது அந்த ஒளியின் நிறம் எவ்வளவு பரந்திருக்கிறது என்பது, அதைத் தருகிறது. அது நீரின் பிசுபிசுப்பைப் பொறுத்தது. நீர் சூடாக ஆகக் கோடு ஒல்லியாகும். விலகல், அகலம் இரண்டும் கையில் இருந்தால் இரண்டு தெரியாதவையும் விடுபடும். அகலத்தைத் துல்லியமாக அளப்பது விலகலை அளப்பதைவிடக் கடினம். நம் கடலுக்கு அதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்வளவு பாடு எதற்கு என்பாய். அகச்சிவப்புச் செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் தோலை, ஒரு முடியின் பருமன்கூட இல்லாத ஏட்டை. 2009-இல் ஏவிய ஸ்மோஸ் செயற்கைக்கோள் உப்பை அளக்கிறது, அதுவும் மேல் ஒரு சென்டிமீட்டர்தான். கடலில் தானாக மூழ்கி எழுந்து அளக்கும் ஆர்கோ மிதவைகள் 2000 மீட்டர் வரை போய்வரும், ஆனால் பத்து நாளைக்கு ஒருமுறைதான் மேலே வரும். இடையில் உள்ள சில பத்து மீட்டரை ஒரு பெரிய பரப்பு முழுக்க வேகமாகப் பார்க்க ஆளில்லை. புயலுக்கு வேண்டிய வெப்பம் இருப்பதோ அங்கேதான். மேலே நன்னீர் லேசாக மிதப்பதால் காற்று எவ்வளவு கலக்கினாலும் அடியிலுள்ள குளிர்நீர் எளிதில் மேலே வராது. குளிர்காலத்தில் வடக்கே மேற்பரப்பு குளிர்ந்தும் அதற்குக் கீழே நீர் சூடாகவும் இருப்பதுண்டு. தோலை மட்டும் பார்க்கும் கருவிக்கு இது தெரியவே தெரியாது.

ராமன் சிதறலை, அதாவது மூலக்கூறுகளில் பட்டு ஒளி நிறம் மாறித் திரும்புவதை, வைத்தும் ஒரு வழி இருக்கிறது. லெனார்ட், கபூட்டோ, ஹோக் மூவரும் 1979-இலேயே அப்படி நீருக்கடி வெப்பத்தை அளப்பதைப் பற்றி எழுதினார்கள். வெப்பத்துக்கு ஏற்ப நிறமாலைப் பட்டையின் வடிவம் மாறும். ஆனால் பாசியும் கரைந்த கழிவும் ஒளிர்ந்து அதைக் குழப்பும். ராமன் 1921-இல் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்துத்தான் ஒளிச்சிதறலுக்குள் இறங்கினார். அந்த ஆராய்ச்சி மறுபடி கடலுக்கே பயன்படுவது எனக்குப் பெரிய சந்தோஷம்.

எனக்குள்ள கவலை கலங்கல்தான். தெளிந்த ஆழ்கடலில் பச்சை ஒளி பல பத்து மீட்டர் போகும், ஆற்றுமுகத்தில் சில மீட்டரிலேயே செத்துவிடும். நமக்கு மிகவும் தேவைப்படும் நன்னீர்ப் படலமே வண்டலோடு வருகிறது. கரையை விட்டு எவ்வளவு தூரம் போனால் வண்டல் படிந்து, நன்னீர் மட்டும் மேலே நிற்கிறது? நீ ஒடிசாவின் பாரதீப் துறைமுகம் பக்கம் வேலை பார்த்தபோது நீரின் தெளிவை அறிய வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்தாய் அல்லவா, அக்டோபர், நவம்பரில் அது எத்தனை மீட்டர் வரை கண்ணுக்குத் தெரிந்தது? பழைய நோட்டு இருந்தால் கரையிலிருந்து தூரத்தோடு எழுதி அனுப்பு.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்