அந்த ஆறு பேர் எங்கே?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆகிறது. ஒரு கண்ணில் பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரிகிறது. அந்தத் தெம்பில் நீ அனுப்பிய, மாரடைப்பைக் குறைக்குமாம் என்கிற மாத்திரையைப் பற்றிய கட்டுரையைக் கடைசி வரி வரை படித்துவிட்டேன். படிக்கப் படிக்கப் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது.

2020 மார்ச்சில், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்கிற மலேரியா மருந்து கொரோனாவை விரட்டிவிடும் என்று ஊர் உலகமெல்லாம் பேசியதே, அதைக் கிளப்பிவிட்டது பிரான்சின் மார்சேயில் நடந்த ஒரு சின்ன ஆய்வு. கணக்கில் 36 பேர்: மருந்து சாப்பிட்டவர்கள் 20, சாப்பிடாதவர்கள் 16. ஆனால் மருந்தை ஆரம்பித்தவர்கள் 26 பேர். மிச்சம் ஆறு பேர்? மூன்று பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். ஒருவர் இறந்துபோனார். ஒருவர் ஆஸ்பத்திரியை விட்டே கிளம்பிவிட்டார். இன்னொருவர் குமட்டல் வந்து மருந்தை நிறுத்திவிட்டார். இவர்களைக் கழித்துவிட்டுத்தான் மருந்து பலித்தது என்றார்கள். பெயிலான பையன்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு நூறு சதவீதத் தேர்ச்சி காட்டுகிற டியூஷன் வாத்தியார் மாதிரி! அதிலும் அவர்கள் முக்கியமாகப் பார்த்தது ஆள் தேறினாரா என்பதை அல்ல. ஆறாம் நாள் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரியில் வைரஸ் தென்படுகிறதா என்பதை. யாருக்கு மருந்து என்று குலுக்கிப் போட்டுப் பிரிக்கவும் இல்லை.

இதே மருந்தை அப்படிக் குலுக்கிப் பிரித்துப் பார்த்தது பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு. அதே வருஷம், மருந்து கொடுத்த பக்கம் 1,561 பேர், வழக்கமான சிகிச்சைப் பக்கம் 3,155 பேர். 28 நாளில் மருந்துப் பக்கம் இறந்தவர்கள் 27 சதவீதம், மறுபக்கம் 25. உயிரைக் காப்பாற்றவில்லை, அவ்வளவுதான். மார்சே ஆய்வுக் கட்டுரையை, அதை வெளியிட்ட மருத்துவ இதழ் திரும்பப் பெறுவதற்கோ 2024 டிசம்பர் ஆகிவிட்டது.

சரி, உன் மாத்திரைக்கு வருகிறேன். ‘மாரடைப்பைப் பாதியாகக் குறைக்கும்’ என்று தலைப்பு. எதில் பாதி? நூறு பேரில் இரண்டு பேருக்கு வருவது ஒருவராகக் குறைந்தாலும் பாதிதான், இருபது பத்தானாலும் பாதிதான். இதில் எது என்று தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. எத்தனை பேர் நடுவில் மாத்திரையை விட்டார்கள் என்றும் இல்லை. எனக்கு அந்த ஆறு பேர் நினைவுதான்.

மூல ஆய்வு கிடைத்தால் அனுப்பு. அதுவரை டாக்டர் கொடுத்ததை நிறுத்திவிட்டு இதற்கு மாறிவிடாதே. அப்புறம், அடுத்த கண்ணுக்கு வருகிற மாதம் ஆபரேஷன். அதற்குள் அனுப்பினால் இந்த ஒற்றைக் கண்ணாலேயே படித்துவிடுவேன்.

உன்,
ராமு