வெளிநாட்டு உதவித்தொகை: ஞாயிறு கூட்டம், பதில் தேவை

வணக்கம் நண்பர்களே. வெளிநாட்டில் முதுகலை படிக்க உதவித்தொகை தேடுகிறவர்களுக்காக வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு கூகுள் மீட்டில் பேசுகிறோம், இணைப்பு சனிக்கிழமை இரவு இங்கேயே வரும். அதற்குள்:

1. பாஸ்போர்ட் காலாவதி தேதியைப் பாருங்கள்.
2. மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ் இரண்டையும் ஸ்கேன் செய்து வையுங்கள். ஓரத்தில் விரல் தெரிகிற போன் படம் வேண்டாம்.
3. பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். கடைசி வாரத்தில் போய் நின்றால் “நல்ல மாணவர்” என்று இரண்டு வரிதான் கிடைக்கும்.
4. தகுதி விதிகளைப் படித்துவிட்டு வாருங்கள், பாதிப் பேர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். பிரிட்டன் அரசின் செவ்னிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி 2 ஆண்டாவது இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை மாதம் 1,400 யூரோ தருகிறது, ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் மாறி மாறிப் படிக்க வேண்டும்.
5. காசு கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்கிற ஏஜெண்டுகளை நம்ப வேண்டாம். செவ்னிங்குக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது.

அப்புறம், வருகிறவர்கள் பெயர், பாடம், பட்டம் முடித்த ஆண்டு மூன்றையும் வெள்ளிக்குள் இங்கே போடுங்கள். வெறும் கட்டைவிரல் கணக்கில் வராது.